சேவலும் மயிலும் சிவப்பு நூலும்

சுவிஸில் ஒரு பொய்க் கொசுவின் விலை மூன்று, நான்கு பிராங்க். உயிருள்ள கொசு இலவசம். கொக்கியில் நூலும் இறகும் சுற்றிச் செய்த அந்தச் சின்னஞ்சிறு பொருளை ஆற்றில் எறிந்தால், ட்ரவுட் மீன் அதை மெய்யான பூச்சி என்று நம்பிக் கவ்வ வேண்டும் என்பது ஏற்பாடு. மீனைவிட மரக்கிளைகளும் பாறை இடுக்குகளும் ஆற்றுக்கு அடியில் கிடக்கும் பழைய சைக்கிள்களும்தான் அதை அதிக ஆவலோடு கவ்வுகின்றன. ஒரு மாலைப் பொழுதில் ஒரு சாப்பாட்டுக் காசு இப்படிப் போய்விடும். ஆகவே சிக்கனக்காரர்கள் தங்கள் கொசுவைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். நானும் சிக்கனக்காரன்தான். அதற்காக மேசையில் பூட்டும் ஒரு சிறிய வைஸ், நூலைப் பிடித்துக்கொள்ளும் பொபின், ஊசிமுனைக் கத்தரிக்கோல், வெளிச்சம் சரிந்து விழும் விளக்கு, பூதக்கண்ணாடி, ஒரு சேவலின் கழுத்துத் தோல் எல்லாம் வாங்கினேன். இதுவரை எவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்று கணக்குப் பார்க்க வேண்டாம் என மனைவியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் விலக்கு. ஓரா, ஒட்டி, விளை, திரளி என்று ஒவ்வொன்றுக்கும் எந்தப் புளி, எவ்வளவு பால் என்று அம்மாவுக்கு அத்துப்படி. செவுளைத் தூக்கிப் பார்த்தே அது விடியப் பிடித்ததா, நேற்றுப் பிடித்ததா என்று அப்பம்மா சொல்லிவிடுவார். ஆனால் மீனைப் பிடிப்பது எங்கள் வேலை அல்ல. அது ‘அவையளின்ரை’ வேலை. அந்த ‘அவையள்’ எந்தச் சாதி என்று வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சட்டிக்குள் வந்துவிட்டால் மீனுக்குச் சாதி இல்லை. கொக்கியில் தொங்கும்வரை உண்டு.

கோட்டையைத் தாண்டினால் பண்ணைப் பாலம். கடல்நீரேரியைக் குறுக்கறுத்து மண்டைதீவுக்கும் அப்பாலுள்ள தீவுகளுக்கும் போகிற வழி. பாலத்தின் ஓரமாக ஆட்கள் குந்தியிருந்து தூண்டில் போடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை அங்கே திருப்புவேன். தங்கூசியைச் சுற்றி வைக்கப் பனைமட்டைத் துண்டு, மிதப்புக்குப் பழைய பாட்டா செருப்பிலிருந்து வெட்டிய இறப்பர், இரைக்குச் சந்தையில் ஒதுக்கிப் போட்ட இறால். பெரியகடையில் கொக்கியை ஒன்று, இரண்டு என்று சில்லறையாக வாங்கலாம். தடி என்று ஒன்று கிடையாது, விரலே தடி. மீன் கொத்துவது சுட்டுவிரலின் மடிப்பில் தெரியும்.

அங்கே வழக்கமாக இருக்கும் ஒரு பெரியவர் இரையில்லாமலும் மீன் பிடிப்பார். வெள்ளைச் சேவலின் இறகு இரண்டை எடுத்துக் கொக்கியின் தண்டில் தைக்கும் நூலால் இறுக்கிக் கட்டி, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஒரு சுற்றுச் சுற்றி, நீரோட்டம் பாயும் இடத்தில் எறிந்து வெடுக்கு வெடுக்கென்று இழுப்பார். பாரைக் குஞ்சுகள் அதைத் துரத்தி வந்து விழுங்கும். கட்டும்போது வைஸும் இல்லை, விளக்கும் இல்லை. கொக்கியை இடதுகைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கட்டுவார். கி.பி. 200 வாக்கில் ரோமாபுரி எழுத்தாளர் ஏலியன், மக்கெதோனியாவில் ஆற்றுமீன் பிடிப்பவர்கள் கொக்கியில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் இறகு இரண்டைக் கட்டுகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். பொய்ப் பூச்சி பற்றிய பழைய எழுத்துச் சான்றாக ஐரோப்பியர்கள் காட்டுவது இதைத்தான். பண்ணைப் பெரியவர் ஏலியனைப் படித்தவரல்ல. ஏலியனும் பண்ணைக்கு வந்தவரல்ல.

எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் இறால் மணம் கையை விட்டுப் போகாது. “படிச்ச குடும்பத்துப் பெடியன் பாலத்திலை குந்தியிருந்து தூண்டில் போடுறதோ? நாலு சனம் பார்த்தா என்ன சொல்லும்?” என்பார் அப்பா. பெரியம்மாவுக்கு இதில் இன்னும் கடுப்பு. நான் கொண்டுவந்த கீளி மீன்களைக் கையால் தொடாமல், “கறுப்பிப் பூனைக்குப் போடு” என்றுவிடுவார். அன்றைக்கே சந்தையில் காசு கொடுத்து வாங்கிய கீளி மத்தியானக் குழம்பில் மிதந்துகொண்டிருக்கும்.

எண்பதுகளின் நடுவில் கடற்படை வடக்குக் கடலைப் பூட்டியது. பண்ணைப் பெரியவரைப் போன்றவர்களுக்குச் சோறு போனது. எனக்குப் பொழுதுபோக்கு மட்டும் போனது. அடுத்த சில வருடங்களில் நாட்டை விட்டு நானும் போனேன்.

அகதி விண்ணப்பம் போட்டவரை எந்த மாநிலத்துக்கு அனுப்புவது என்று சுவிஸ் அரசே பிரித்துக் கொடுத்தது. கொடுத்த மாநிலத்தில் இருக்க வேண்டும். நினைத்தபடி அடுத்த மாநிலத்துக்குக் குடிபோக முடியாது. வேலை என்றால் அந்த நாட்களில் எங்களில் பெரும்பாலானோருக்கு உணவகச் சமையலறைதான். நான் போய்ச் சேர்ந்த சமையலறையில் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதற்குள் உயிரோடு ட்ரவுட். வாடிக்கையாளர் விரலைக் காட்டும் மீனை வலையால் அள்ளி, தலையில் மரக்கட்டையால் ஒரு போடு போட்டு, குடலை எடுத்துக் கொடுப்பது எனக்குக் கிடைத்த பதவி. ‘நீல ட்ரவுட்’ என்று ஒரு பண்டம் அங்கே பிரபலம். மீனின் மேலுள்ள வழுவழுப்பைக் கழுவிவிடாமல், ஈரக்கையால் பதமாகப் பிடித்து, வினாகிரி கலந்த வெந்நீரில் இறக்கினால் அந்த வழுவழுப்பே நீலமாக மாறும். வழுவழுப்பு போய்விட்டால் நீலமும் போகும். சமையல்காரரின் திட்டு மட்டும் வரும். இன்றைக்கு ஆற்றோரத்தில் பெருமையாக நின்று நான் பிடிப்பதையெல்லாம் கூட்டினாலும், அந்தக் கட்டையால் ஒரே கோடைகாலத்தில் பரலோகம் அனுப்பிய ட்ரவுட்டுகளுக்குக் கிட்டவும் வராது. அப்போது என்னை யாரும் மீன்பிடிகாரர் என்று அழைக்கவில்லை.

பிறகு நீண்ட காலம் போயிற்று. பிள்ளைகள், இரட்டை வேலை, ஒவ்வொரு எழுத்தாக ஏறிய விசா, கடைசியில் சிவப்புக் கடவுச்சீட்டு. அந்தக் கதையை எங்கள் ஆட்கள் நிறைய எழுதிவிட்டார்கள்.

ஓய்வு கிட்டத்தில் வந்தபோது, தூண்டில் போடலாமே என்று தோன்றியது. அதற்கு முதலில் ஒரு சான்றிதழ் வேண்டுமாம். 2009 முதல் சுவிஸில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட மீன்பிடி உரிமம் வாங்க விரும்புகிறவர், மீனையும் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையும் பற்றிப் படித்ததற்கான அத்தாட்சி காட்ட வேண்டும். அதற்கு ஒரு வகுப்பு, கடைசியில் பரீட்சை. வகுப்பில் ஓர் இளைஞர் பிளாஸ்டிக் மீன் ஒன்றை வைத்துக்கொண்டு, தலையில் எந்த இடத்தில் அடித்தால் உடனே மயங்கும், அதன் பிறகு எங்கே வெட்டி இரத்தத்தை வடிய விட வேண்டும் என்று விளக்கினார். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நானும் எடுத்தேன். “இதற்கு முன் அனுபவம் உண்டா?” என்று கேட்டார். கொஞ்சம் உண்டு என்றேன்.

சட்டம் இன்னும் சில விஷயங்களில் பண்ணைப் பாலத்துக்கு நேர் எதிர். அங்கே கொக்கியின் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்தான் உயிர். அது மழுங்கினால் கொக்கியைக் கடலில் வீசிவிடுவோம். இங்கே, சில விதிவிலக்குகள் தவிர, அந்த முள்ளே தடை. புதிதாக வாங்கிய கொக்கியில் முள் இருந்தால் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். இன்னொன்று, பிடித்துப் பிடித்து விடும் விளையாட்டு கூடாது. திரும்ப விடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதை 2008இன் விலங்குப் பாதுகாப்பு ஆணை தடுக்கிறது. அளவுக்குச் சின்னது என்றால் விட்டே ஆக வேண்டும். உண்ணத்தக்க அளவு என்றால் உடனே கொன்று வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில மாநிலங்கள் ஆட்களுக்கு உரிமம் விற்கும். சூரிச், ஆர்காவ் போன்றவை ஆற்றைத் துண்டு துண்டாக்கிக் குத்தகைக்கு விடும். 26 மாநிலத்துக்கும் தனித்தனிப் புத்தகம். கொடுத்த மாநிலத்தை விட்டு அசையாமல் இருந்து பழகியவனுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

பூச்சி கட்டக் கற்றுத் தந்தவர் எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்து மனிதர். ஜூராப் பகுதியில் பிறந்தவர். கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணில் ஒற்றைக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு மேசையில் குனிந்திருப்பார். கடைகளில் ‘தொடங்குநர் பெட்டி’ என்று விற்கும் பெட்டியை வாங்காதீர்கள் என்பதுதான் அவருடைய முதல் பாடம். அதில் மினுமினுக்கும் பச்சை, ரோஜா நிற மயிர்கள் நிறைய இருக்கும். ஆற்றில் அந்த நிறத்தில் எதுவும் பறப்பதில்லை. ஒரே அளவுக் கொக்கி, ஒரே நூல், ஒரே பூச்சி. அதையே கை பழகும்வரை கட்டுங்கள் என்றார்.

கொக்கி இலக்கம் தலைகீழ்: எண் ஏற ஏற உருவம் சிறுக்கும். 10 தடித்த வெட்டுக்கிளி என்றால் 20 கண்ணுக்குத் தெரியாத கொசு. அவர் தந்தது 14. நூலைக் கொக்கியின் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, சுற்றின் மேல் சுற்றை ஏற்றி, நூல் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும்படி பதிக்க வேண்டும். அங்கிருந்து வளைவுவரை போய்த் திரும்பி வர வேண்டும். நூல் அறுவதற்கு ஒரு மயிரிழை முன்வரை இறுக்கம் இருக்க வேண்டும். அந்த மயிரிழை எங்கே என்பதை யாரும் சொல்லித் தர முடியாது. தொடங்குகிறவர்கள் எல்லாரும், எந்த நாட்டவரானாலும், உடம்பை முன்னுக்கு முன்னுக்குக் கட்டிக்கொண்டே போய்க் கொக்கியின் கண்ணை அடைத்துவிடுவார்கள். பிறகு இறகைச் சுற்றவும் இடமில்லை, முடிச்சுப் போடவும் இடமில்லை, ஆற்றில் நின்று நரம்பைக் கோர்க்கவும் துளையில்லை.

அவர் முதலில் பழக்கிய பூச்சியில் இரண்டே சரக்கு: நூலும் வாத்திறகும். எந்த வாத்திறகும் அல்ல. வாலின் அடியில் வாத்துக்கு ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. வாத்து அலகால் அதைத் தொட்டுத் தொட்டுத்தான் உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். அந்தச் சுரப்பியைச் சுற்றி முளைக்கும் பஞ்சு போன்ற சிற்றிறகுகள்தான் வேண்டும். ஒரு வாத்தில் கைப்பிடிகூடத் தேறாது. எண்ணெயால் மிதக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். கழுவிச் சாயம் போட்டு எண்ணெய் போன பிறகும் அது மிதக்கிறது. நுண்ணிழைகளில் காற்று சிக்கிக்கொள்வதுதான் பெரிய காரணம். மற்றப் பூச்சிகளுக்குத் தடவும் பசையை இதற்குத் தடவினால் இழைகள் ஒட்டிக்கொண்டு கல்லாக மூழ்கும்.

இந்த இறகைப் பூச்சிக்குப் பயன்படுத்தும் வழக்கம் ஜூரா மலைத்தொடரில் பிறந்தது. 1920களில் வல்லோர்ப் ஊரின் சார்ல் பிக்கெல், கூர்ஃபேவ்ர் ஊரின் மக்ஸிமிலியன் ஜோசே என்ற இருவரின் பெயர்களைச் சொல்கிறார்கள். யார் முந்தி என்பதில் இரண்டு ஊருக்கும் இன்னும் உடன்பாடில்லை. நோக்கம் எளிது. நல்ல சேவல் இறகு விலை அதிகம். பண்ணை முற்றத்து வாத்து இலவசம். சமையலுக்கு உரித்த வாத்தில் எறிகிற பகுதியை எடுத்து, குளிர்கால இரவில் கட்டி விற்றார்கள். ‘மூஸ்திக்’ என்று பெயர், அதாவது கொசு. இல்லாதவன் வீட்டுக் குப்பையில் பிறந்த சரக்கு இப்போது சின்னஞ்சிறு பொலித்தீன் பைகளில், கிராம் கணக்கில் விற்கிறது. சுவிஸ்காரரான மார்க் பெட்டிஜான் இந்த ஓர் இறகுக்கென்றே கருவிகள் வடிவமைத்து உலகமெல்லாம் பெயர் பெற்றார்.

சேவல் கதை இதைவிட வேடிக்கை. அமெரிக்காவில் கொலராடோவில், இறகுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த சேவல்கள் இருக்கின்றன. அவற்றின் கழுத்துத் தோல் ஒன்றின் விலைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுக் கோழி வாங்கலாம். 2011இல் பெண்கள் கூந்தலில் இறகு செருகும் மோகம் வந்தபோது, தூண்டில் கடைகளில் அந்த இறகு கிடைக்காமல் போய்விட்டது. அதற்கு இரண்டு வருடம் முந்தி, இங்கிலாந்தில் ட்ரிங் ஊரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் புல்லாங்குழல் படிக்கும் மாணவன் ஒருவன் ஜன்னலை உடைத்துப் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடிக்கொண்டு போனான். விக்டோரியா காலத்துச் சால்மன் பூச்சிகள் கட்டுகிறவர்கள் அந்த இறகுகளுக்கு ஏங்குவார்கள். அந்தப் பழைய பூச்சிகளின் கன்னத்தில் வார்னிஷ் சொட்டுப் போன்ற புள்ளியோடு ஒட்டியிருக்கும் இறகு, தென்னிந்தியக் காட்டுச் சேவலின் கழுத்திலிருந்து எடுத்தது. நீலகிரியில் கூவிக்கொண்டிருந்த சேவல் ஸ்கொட்லாந்து ஆற்றில் நனைந்திருக்கிறது. அதன் இலங்கை உறவினருக்கு அந்தப் புள்ளி கிடையாது. தப்பித்தது, தேசியப் பறவையாகியும் விட்டது.

ஒரு வசந்தத்தில் கீழ்த்தளத்து மனிதர் தன் சொந்தப் பக்கத்தைக் காட்டக் கூட்டிப் போனார். முதலில் கூர்ஃபேவ்ர். கொண்டோர் மோட்டார் சைக்கிள் செய்த ஊர் அது; சுவிஸ் இராணுவம் அதில்தான் ஓடித் திரிந்தது. வழியெல்லாம் அவர் ஜூரா மாநிலம் பிறந்த கதையைச் சொன்னார். பேர்ன் மாநிலத்துக்குள் சிறுபான்மையாக இருந்த பிரெஞ்சு மொழிக்காரர் தனி மாநிலம் கேட்டார்கள், 1974இல் வாக்கெடுப்பு, 1979 ஜனவரி 1இல் மாநிலம் பிறந்தது. 1976இல் வட்டுக்கோட்டையில் நாங்களும் ஒரு தீர்மானம் போட்டோம் என்றேன். “பிறகு?” என்றார். பிறகு நான் இங்கே வந்துவிட்டேன் என்றேன். அவர் வெகுநேரம் பேசாமல் காரோட்டினார். அதற்குள் வல்லோர்ப் வந்துவிட்டது.

வல்லோர்ப் என்றால் எங்கள் ஆட்களுக்கு முகாம். பிந்தி வந்த எத்தனையோ பேர் விரல் அடையாளம் பதித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, வரிசையில் நின்ற அகதிப் பதிவு நிலையம் அங்கேதான். என் மருமகன் முறையான ஒருவன் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பான். பூச்சி கட்டுகிறவர்களுக்கு அதே பெயர் தீர்த்தத் தலம். குகைக்குள்ளிருந்து முழு ஆறாகவே வெளிப்படும் ஓர்ப் நதி, கடிகாரக்காரர்களுக்கு நுண்ணரம் செய்து கொடுத்த பட்டறைகள், பிக்கெலின் கொசு. நான் போனேன் என்று சொன்னபோது மருமகன், “மாமா, அங்கை போகக் காசு வேறை செலவழிச்சனீங்களோ?” என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து தொடர்ந்து கட்டினேன். கடைசி முடிச்சுத்தான் பெரும்பாடு. பூச்சியின் தலையில் நூலை ஐந்தாறு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றுகளுக்கு உள்ளேயே முனையை இழுத்துப் புதைக்க வேண்டும். அதற்கென்று வளைந்த கம்பிக் கருவி ஒன்று உண்டு. அதைச் சுழற்றிப் பழக ஒரு யூரியூப் வாத்தியாரும் உண்டு. ஒருநாள் மனைவி தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சேருங்கோ, இதுக்கு ஏன் இந்தக் கம்பி? இஞ்சை தாங்கோ.”

கோவிலுக்கு மாலை கட்டுகிறவர் விரலில் நூலைத் தடம் போட்டுப் பூவின் காம்பில் மாட்டி இழுக்கும் அதே வேகத்தில், இரண்டு விரலால் கொக்கியின் தலையில் தடம் போட்டு இழுத்தார். முடிச்சு உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று. இன்னொன்று. சின்ன வயதில் வாழைநாரில் மல்லிகை கட்டிப் பழகிய கை. எனக்கு விற்ற அந்தக் கருவியின் விலையை அவரிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு அவரும் மேசைக்கு வரத் தொடங்கினார். அப்போது நான் கட்டிக்கொண்டிருந்தது ‘ரெட் டேக்’ என்ற பழைய ஆங்கிலப் பூச்சி. ஜெர்மன்காரர் ஏஷெ என்று சொல்லும், முதுகில் பாய்போல் செட்டை விரிக்கும் மீனுக்கு மிகவும் பிடித்தது. வால் சிவப்புக் கம்பளி நூல். உடம்பு மயிலிறகின் இழை. பச்சையும் செம்பும் மாறி மாறி மினுங்கும். கழுத்தில் செம்பழுப்புச் சேவல் இறகு. மனைவி மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சேவல், மயில், சிவப்பு. முருகா! இவர் என்ன, கோவில் கொடியையும் வாகனத்தையும் சேர்த்து மீனுக்குப் போடுறார்?”

ஆட்லிஸ்வில் முருகன் கோவிலில் காவடி எடுக்கும்போது மயிலிறகு உதிரும்; அதைப் பொறுக்கி வைத்தால் பக்கெற் வாங்கும் செலவு மிச்சமே என்று ஒரு யோசனை எனக்கு இருந்தது. கோவிலுக்குப் பக்கத்திலேயே சீல் ஆறு ஓடுகிறது; அதில் ட்ரவுட்டும் உண்டு. அன்று மனைவியின் முகத்தைப் பார்த்ததும் யோசனையை வாயில் எடுக்கவில்லை. பக்கெற்றில் வருகிற மயிலிறகு கோவில் மயிலுடையதல்ல, கடை மயிலுடையது என்ற சமாதானத்தில் கட்ட மட்டும் அனுமதி கிடைத்தது.

வெள்ளிக்கிழமைச் சிக்கல் வேறு. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. ஆனால் வேலையில்லாத நாட்களில் ஆறு அமைதியாக இருப்பது வெள்ளியில்தான். சட்டப்படி, பிடித்த மீனை விடக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சாத்திரப்படி, அதை வாசலுக்குள் கொண்டுவரக்கூடாது. அரசியலமைப்பு நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும் போலிருந்த இந்த வழக்கைக் கீழ்த்தளத்து மனிதர் தீர்த்து வைத்தார். அவர் கத்தோலிக்கர். வெள்ளியில் இறைச்சியைத் தவிர்த்து மீன் சாப்பிட்டு வளர்ந்தவர். எங்கள் விரதத்து மீன் அவருடைய விரதத்துத் தட்டில் போய் விழுகிறது. அவர் அதை வெண்ணெயில் பொரித்து எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிடுகிறார். உப்பு, தூள் எதுவும் இல்லாமல், மீன் பாவம்.

மீன் எப்போதாவது கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் சமையலறையில் கட்டையோடு நின்ற எண்பதுகளில் சுவிஸ் ஆறுகளில் ட்ரவுட் நிறைய இருந்ததாம். அதிலிருந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் பிடிபாடு பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது. ஏன் என்று கண்டுபிடிக்க 1998 முதல் 2003 வரை ‘ஃபிஷ்நெட்ஸ்’ என்று ஒரு பெரிய ஆய்வே நடத்தினார்கள். ஒற்றைக் குற்றவாளி அகப்படவில்லை. நேராக்கிக் கரைகட்டிய ஆறுகள், கழிவில் கலந்த இரசாயனங்கள், சூடேறும் தண்ணீர், தண்ணீர் 15 பாகைக்கு மேல் நின்றால் ட்ரவுட்டின் சிறுநீரகத்தைத் தின்னும் ஓர் ஒட்டுண்ணி என்று ஒரு கூட்டுக் குற்றப்பத்திரிகைதான் வந்தது. ஆய்வு முடிந்த அதே 2003 கோடையில் ஷாஃப்ஹவுசன் பக்கத்து ரைன் நதியில் ஏஷெ மீன்கள் வெக்கை தாங்காமல் ஆயிரமாயிரமாக மிதந்தன. மீன் இருந்தபோது என்னிடம் நேரமில்லை, உரிமமில்லை, நின்று பார்க்கக்கூடத் துணிவில்லை. இப்போது மூன்றும் இருக்கின்றன; பெட்டி நிறையப் பூச்சியும் இருக்கிறது.

விலை குறைந்த பூச்சி ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கோடையில் புல்லிலிருந்து தவறி விழும் வண்டைப் போலச் செய்வது. கறுப்பு நுரை இறப்பரை நீளமாக வெட்டி, மயிலிழை உடம்பின் மேல் முதுகாக மடித்து, இரண்டு இடத்தில் கட்டினால் போதும். எண்ணெய் வேண்டாம், நாள் முழுக்க மிதக்கும். கடையில் அந்த நுரைத் தகடு அஞ்சலட்டை அளவில் பளபளப்பான உறையில் வருகிறது. நான் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். வீட்டில் குளியலறைச் செருப்பு ஒன்று பழசாகிக் கிடந்தது. பண்ணைப் பாலத்து அளவில் வெட்டாமல் 14 ஆம் இலக்கத்துக்கு வெட்டினேன். கீழ்த்தளத்து மனிதர் அதைக் கையில் வாங்கி, ஒற்றைக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு பார்த்து, எந்த நிறுவனத்தின் நுரை என்று கேட்டார்.

அந்தச் செருப்பு வண்டில்தான் சென்ற கோடையில் பெரிய ட்ரவுட் ஒன்று ஏறியது. மகள் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டாள். தலையில் தொப்பி, மார்புவரை நீர்புகாக் காற்சட்டை, தோளில் வலை, கையில் சிவப்புப் புள்ளி மீன். யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா பேசினார். இப்போது தொண்ணூறு தாண்டிய வயது.

“தம்பி, படம் பார்த்தனான். என்ன வடிவான மீன்! இஞ்சை எல்லாருக்கும் காட்டினனான். வெள்ளைக்காரர் பெரிய பெரிய ஆக்கள்தான் உப்பிடிப் பிடிக்கிறவையாம், என்ன?”

“ஓம் பெரியம்மா. லைசன்ஸ் எடுக்க வேணும், சோதனை பாஸ் பண்ண வேணும்.”

“அப்ப படிப்புத்தானே!” என்றார் பெரியம்மா. குரலில் நிம்மதி தெரிந்தது. நுவரெலியாவில் வெள்ளைக்காரத் துரைமார் ட்ரவுட் விட்டு வளர்த்துப் பிடித்த கதையை அவருடைய அண்ணன் அங்கே கிளாக்கராக இருந்த காலத்தில் சொன்னதாகவும் நினைவுபடுத்தினார். அந்த அண்ணன் வீட்டிலும் யாரும் தூண்டில் தொட்டதில்லை. என் தலைமுறையில்தான் எங்கள் குடும்பம் இந்த உயரத்துக்கு வந்திருக்கிறது என்பது அவர் பேச்சின் சாரம். பண்ணைப் பெரியவரைப் பற்றிக் கேட்டேன். எந்தப் பெரியவர் என்று அவருக்குத் தெரியவில்லை.

இந்தக் குளிர்காலம் கீழ்த்தளத்து மனிதர் தன் சங்கத்து நண்பர்களுக்கு எங்கள் வீட்டு ரெட் டேக்கைக் காட்டியிருக்கிறார். என்னுடையதை அல்ல. தலை சின்னதாக, கண் அடைபடாமல், மயிலிழை ஒரு சுற்றுக்கூட ஏறி விழாமல் இருப்பது யாருடையது என்று அவருக்குத் தெரியும். பருவம் திறப்பதற்குள் தலைக்கு ஒரு டசின் வேண்டும் என்று மூன்று பேர் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றுக்கு மூன்று பிராங்க் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மனைவி நான்கு என்றார். வெள்ளிக்கிழமைகளில் கட்டமாட்டாராம்; கடைச் சிவப்புச் சாயம் போகிறது, நல்ல கம்பளி நூல் வாங்கி வர வேண்டுமாம். பஸ்ஸுக்கு நேரமாகிறது.